மகளுக்கு ஒரு ஜாகை

பிளஸ் டூ முடிவு வந்து, சென்னையில் காலேஜ் சீட்டும் கிடைத்து, வீட்டில் பாயசமும் வைத்தாகிவிட்டது. கோமதி அம்மன் சந்நிதியில் அர்ச்சனை ஆயிற்று. புற்று மண்ணைப் பொட்டலம் கட்டி டிரங்குப் பெட்டியில் – அது பாட்டி காலம், இப்போது சூட்கேஸில் – பத்திரமாக வைத்தும் ஆயிற்று. சாயங்காலம் செங்கோட்டையில் கிளம்புகிற பொதிகை எக்ஸ்பிரஸ், இருட்டிய பிறகு சங்கரன்கோவிலைத் தொட்டு, விடியும் நேரத்துக்குச் சென்னையில் கொண்டு போய் இறக்கிவிடும். எல்லாம் சரி. ஸ்டேஷனில் இறங்கிய பெண் அடுத்தபடியாக எங்கே போவாள்?

இந்தக் கேள்வி வந்ததும் கூடத்தில் ஒரு மௌனம் விழும் பாருங்கள்! அதுவரை பேசிக்கொண்டிருந்த அப்பா பேப்பரை எடுத்துக்கொள்வார். அம்மாவுக்கு அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை வரும். ஆச்சி மட்டும் விட மாட்டாள்.

“ஏளா, அம்புட்டுத் தூரம் போயி எவ வீட்டுலயோ இருந்துதான் படிக்கணுமா? இங்கன பாளையங்கோட்டையில இல்லாத காலேஜா?”

ஆச்சி சொல்வதைத் தள்ளிவிட முடியாது. பாளையங்கோட்டையைத் தென்னாட்டின் ஆக்ஸ்போர்டு என்று சொல்வது சும்மா வந்த பெயரல்ல. சேவியர் காலேஜ், ஜான்ஸ் காலேஜ், பெண்களுக்கென்றே சாராள் தக்கர் காலேஜ் என்று வரிசையாக இருக்கின்றன. பக்கத்திலேயே மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேலே. காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்புகிற பெண்கள் எத்தனையோ பேர். ஆனால் உங்கள் பெண் விரும்பிய படிப்பு அங்கே இல்லாமல் சென்னையில்தான் இருக்கிறது என்றால் என்ன செய்வது?

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைப் பட்டென்று சொல்லிவிடுகிறேன்; கோபித்துக்கொள்ளாதீர்கள். பையனுக்குப் பட்டணத்தில் அறை சரிப்படவில்லை என்றால் நாம் அறையை மாற்றுகிறோம். பெண்ணுக்குச் சரிப்படவில்லை என்றால், “போதும், ஊருக்கு வந்துவிடு” என்கிறோம். தண்ணீர்ச் சண்டையிலோ, வீட்டுக்காரர் போட்ட சத்தத்திலோ, கூட இருந்த சினேகிதி சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்ததிலோ ஆரம்பிக்கிற சங்கடம், ஒரு பெண்ணின் பட்டப் படிப்பில் போய் முடிகிறது. ஆகையால் மகளுக்கு ஜாகை பார்ப்பதை, காலேஜ் பார்த்த பிறகு கடைசி நிமிஷத்தில் கவனிக்கிற சில்லறைக் காரியமாக நினைக்காதீர்கள்.

ஆண் பிள்ளைகளுக்கு இந்தக் கவலை எந்தக் காலத்திலும் பாதிதான். திருவல்லிக்கேணியைப் பாருங்கள். சந்துக்குச் சந்து ‘மேன்ஷன்’. ஒரு கட்டில், ஒரு கொடிக் கயிறு, கீழே ஒரு மெஸ். வெளியூரிலிருந்து படிக்கவும் வேலை தேடவும் வந்தவர்களை அந்தப் பேட்டை தலைமுறை தலைமுறையாகத் தாங்கியிருக்கிறது. கும்பகோணத்திலிருந்து வந்த கணித மேதை ராமானுஜனும் திருவல்லிக்கேணியில் தங்கியிருந்தவர்தான். 1912-ல் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா வேலை கிடைக்கும் வரையில் அவர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த மேன்ஷன்களில் பெரும்பாலானவை ஆண்களுக்கு மட்டும்தான்.

பெண்களுக்கு? அதே 1912-ஐ ஒட்டிய வருஷங்களில், அதே சென்னையில் சகோதரி சுப்புலக்ஷ்மி என்ற இளம் பெண்மணி இந்தக் கேள்வியோடு மல்லுக்கு நின்றார். பால்ய விதவை. 1911-ல் பிரஸிடென்ஸி காலேஜில் படித்துப் பட்டம் பெற்றவர். தம்மைப் போன்ற இளம் விதவைகளைப் படிக்க வைக்க வேண்டும் என்று புறப்பட்ட அவருக்கு முதலில் தேவைப்பட்டது பள்ளிக்கூடமல்ல, பெண்கள் தலை சாய்க்க ஓர் இடம். எழும்பூரில் தகப்பனார் வீட்டில் நாலே நாலு பெண்களோடு ஆரம்பித்தார். பெண்கள் பெருகவே வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. தலை மழித்த விதவைகள் கூட்டமாகக் குடியிருக்க அந்த நாளில் யார் மனமுவந்து வீடு விடுவார்கள்? கடைசியில் கடற்கரையோரம் இருந்த ஐஸ் ஹவுஸ் அவர்களுடைய இல்லமாயிற்று. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காகக் கட்டிய கட்டடம் அது! இப்போது விவேகானந்தர் இல்லமாக இருக்கிறது. கடற்கரைப் பக்கம் போனால் மகளுக்குக் காட்டுங்கள். கூப்பிடு தூரத்தில் 1914-ல் ஆரம்பித்த ராணி மேரிக் கல்லூரி இருக்கிறது. தங்க இடம் கிடைத்ததனால் படிப்பு கிடைத்த பெண்களின் கதை அந்தச் சாலையில் ஆரம்பமாகிறது.

போகட்டும், இன்றைய சங்கதிக்கு வருவோம்.

முதலில் காலேஜ் ஹாஸ்டலுக்கு மனுப் போடுங்கள். கூடவே, அரசாங்கத்தின் மாணவியர் விடுதிகளையும் மறக்க வேண்டாம். ஆதி திராவிடர் நலம், பிற்படுத்தப்பட்டோர் நலம் ஆகிய துறைகள் நடத்தும் விடுதிகளுக்கு 2025-ல் ‘சமூகநீதி விடுதிகள்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விடுதி எப்படி இருக்கிறது என்று ஒரு முறை நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். பார்க்காமலே “அதெல்லாம் நமக்கு ஒத்து வராது” என்று தள்ளுவது சரியில்லை.

இவை கிடைக்காதவர்களுக்கு இரண்டு வழிகள். ஒன்று, சாப்பாட்டோடு சேர்த்துப் பணம் வாங்கும் தனியார் மகளிர் விடுதி; ‘பி.ஜி.’ என்கிறார்களே, அது. மற்றொன்று, மூன்று நான்கு பெண்கள் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு அறையாகவோ, அறைக்கு இருவராகவோ இருப்பது.

தனியார் விடுதியில் போய்க் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “இட்டிலி மெதுவாக இருக்குமா?” என்பதல்ல, “லைசென்ஸ் இருக்கிறதா?” என்பது. தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014-ல் ஒரு தனிச் சட்டமே வந்திருக்கிறது. உரிமம் இல்லாமல் பெண்கள் விடுதி நடத்தக் கூடாது. உரிமத்தைச் சட்டம் போட்டு ஆபீஸ் அறையில் மாட்டியிருந்தால் படித்துப் பாருங்கள். “அதெல்லாம் அப்ளை பண்ணியிருக்கோம்மா” என்று சிரித்தால் நீங்களும் சிரித்துவிட்டுப் படி இறங்கிவிடுங்கள். இது அதிகப்படியான ஜாக்கிரதை என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். 2018 டிசம்பரில் சென்னை ஆதம்பாக்கத்தில் ஒரு வீட்டை எடுத்துப் பெண்களுக்கு விடுதியாக நடத்திய ஆள், அறைகளுக்குள் காமிராக்களை ஒளித்து வைத்திருந்தது அம்பலமாயிற்று. ஆள் கைதானான். அதைக் கண்டுபிடித்தது அங்கே தங்கியிருந்த பெண்களேதாம்! கெட்டிக்காரப் பெண்கள். உங்கள் மகளையும் புது அறைக்குள் நுழைந்ததும் பிளக், பல்பு, கண்ணாடி, குளியலறை மூலை எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டிய காரியமில்லை. மகளிர் உதவிக்கான 181 என்ற நம்பரும் மனப்பாடமாக இருக்கட்டும்.

இனி, சேர்ந்து வீடு எடுப்பது. இதில்தான் நம் ஊர்த் தாய்மார்களுக்கு அனுபவம் அதிகம் என்பேன். எப்படி என்கிறீர்களா? அந்தக் காலத்து ‘ஸ்டோர்’ வீடுகளில் ஒண்டுக் குடித்தனம் இருந்த பெரியம்மா, அத்தை யாராவது உங்கள் குடும்பத்தில் இருப்பார்கள். ஒரே வாசல், ஒரே குழாய், எட்டுக் குடும்பம். யார் குடம் முன்னால் என்பதில் ஆரம்பித்து, கல்யாணச் சம்பந்தம் வரையில் அந்த முற்றத்திலேயே நடக்கும். அந்த அத்தையைக் கூப்பிட்டு உங்கள் பெண்ணோடு ஒரு மணி நேரம் பேச விடுங்கள். பிறருடன் ஒரு கூரையின் கீழ் இருப்பதைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் இந்தக் கட்டுரையில் அடங்காது.

வீட்டுக்காரர்களின் கேள்விகள் முதலில் உங்களைக் கொஞ்சம் திடுக்கிட வைக்கும். “எந்த ஊர்?” என்பார்கள். சங்கரன்கோவில் என்றதும், “ஓ, பிரியாணி ஊரா? நாங்கள் நான்-வெஜ் சாப்பிடுகிறவர்களுக்கு விடுவதில்லையே!” என்று கதவு பாதி சாத்திக்கொள்ளும். ஆடித்தபசுக்கும் பெயர் போன ஊர் அது என்று வாதாடிப் பயனில்லை. இன்னொரு வீட்டில், “நீங்க என்ன ஆளுங்க?” என்று சுற்றி வளைத்து ஜாதி கேட்பார்கள். படிக்க வந்த பெண்ணிடம் இதைக் கேட்பது அசிங்கம் என்பது என் அபிப்பிராயம். கேட்கிற வீட்டில் இடம் கிடைத்தாலும், அடுப்படியில் வாசனை வரும் நாளெல்லாம் அவள் பயந்துகொண்டுதான் இருக்க வேண்டும். வேறு வீடு பார்ப்பது மேல்.

வீடு பிடித்துவிட்டது, வாடகையும் சரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே கையிலிருக்கும் அட்வான்ஸை எடுத்து நீட்டாதீர்கள்! தமிழ்நாட்டில் 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. வீட்டை வாடகைக்கு விடுவதென்றால் எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இணையத் தளத்திலேயே பதியலாம். மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. ஆனால் அம்மா, இங்கேதான் ஒரு கொக்கி! ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதி இரு தரப்பும் ஒத்துக்கொண்டிருந்தால் இந்த வரம்பு பொருந்தாது. மாத வாடகை 18,000 ரூபாய் என்றால் மூன்று மாத அட்வான்ஸ் 54,000. சென்னையின் பழைய வழக்கப்படி பத்து மாதம் என்றால் 1,80,000. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நீங்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒரு வரியில் இருக்கலாம். ஆகையால் பத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பிட்ட பிறகு, கண்ணாடி போட்டுக்கொண்டு, வரி வரியாகப் படியுங்கள்.

பெண்ணுக்குப் பதினெட்டு நிறையவில்லை என்றால் அவள் போடும் கையெழுத்து சட்டப்படி செல்லாது. அப்பாவோ அம்மாவோ போட வேண்டும். அம்மா போடலாமே! நிறைந்திருந்தால் அவளே போடட்டும். அதிலும் முக்கியம், வீட்டில் இருக்கப் போகிற எல்லாப் பெண்களின் பெயரும் ஒப்பந்தத்தில் ஏறியிருப்பது. ஒருத்தி பெயரில் மட்டும் எழுதிவிட்டு மற்றவர்கள் அவளிடம் காசு கொடுத்துக்கொண்டு இருந்தால், சண்டை வருகிற அன்று மற்றவர்களுக்கு அந்த வீட்டில் நிற்கப் பாத்தியதை இருக்காது. வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடுவதும் கூடாது. வாடகையை ஜீ-பேயிலோ பாங்க் மூலமோ அனுப்புங்கள். ரொக்கமாகத்தான் வேண்டும் என்கிற வீட்டுக்காரரிடம் மாதா மாதம் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கார அம்மாள் மேல் மாடியில் குடியிருந்தால் ஒரு விதத்தில் பலம். ஒரு விதத்தில் தலைவலி. நினைத்த நேரத்தில் கதவைத் தட்டி, “சும்மா பார்க்க வந்தேன்” என்பார்கள். உள்ளே வந்து பார்வையிடுவதென்றால் 24 மணி நேரம் முன்னதாக எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். கோபம் வந்தால் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தவும் அவர்களுக்கு அதிகாரமில்லை. இதற்காக முதல் நாளே சட்டம் பேசிக்கொண்டு போய் நிற்க வேண்டாம். வாடகையையே நம்பி ஜீவனம் நடத்துகிற மூதாட்டிகளும் உண்டு; ஒரு தீபாவளிப் பலகாரத் தட்டில் சரியாகிவிடுகிற சங்கடங்களும் உண்டு.

தண்ணீரைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டாம். மழை பார்த்துப் பயிர் வைக்கும் கரிசல் சீமைக்காரர்கள் நாம். 2019 கோடையில் ஏரிகள் வற்றிச் சென்னையே குடத்தோடு தெருவில் நின்றது. விடுதிகள் சில மூடவும் மூடின. ஆகவே குழாயைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்தியடையாதீர்கள். கார்ப்பரேஷன் தண்ணீரா, போரா, லாரியா, லாரிக் காசு யார் தருவது என்று கேளுங்கள். அதே பட்டணம் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் மிதந்தது. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தரைத்தளத்தில் வீடு மலிவாகக் கிடைக்கிறது என்றால், எதிர்த்த மளிகைக் கடையில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு வந்தது என்று விசாரியுங்கள். கடைக்காரர் சுவரிலே கோடு காட்டுவார்.

இனி, கூட இருக்கும் பெண்கள். சங்கரநயினார் கோவில் கதை உங்களுக்குத் தெரியாததா? சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகராஜாக்களுக்கு, சிவன் பெரியவரா, ஹரி பெரியவரா என்று ஓயாத வழக்கு. அம்பிகை ஊசி முனையில் தவமிருந்து, இருவரும் ஓருருவாக நின்ற காட்சியைப் பெற்றாள். ஒரு பாதி சடை, ஒரு பாதி கிரீடம். ஒரு பாதி புலித்தோல், ஒரு பாதி பீதாம்பரம். ஒருவர் மற்றவரைத் தம்மைப்போல் உடுத்தச் சொல்லவில்லை, கவனித்தீர்களா? மூன்று பெண்கள் ஒரு வீட்டில் இருப்பதற்கு அவ்வளவு தவம் வேண்டாம்தான். ஆனால் விடிய விடிய விளக்கெரித்துப் படிக்கிறவளும், நாலரை மணிக்கு எழுந்து கோலம் போடுகிறவளும் ஒரே அறைக்குள் மாட்டிக்கொண்டால் ஒரு மாதத்தில் நாகராஜாக்களின் வழக்கு ஆரம்பமாகிவிடும். சினேகிதிகளாக இருப்பது வேறு, சேர்ந்து குடியிருப்பது வேறு. நெருங்கிய சினேகிதியைவிட, தூங்கும் நேரம் ஒத்துப்போகிற அறிமுகக்காரி மேல்.

காசு விஷயத்தில் பெரிய கலகம் மின்சாரத்தால் வருகிறது. நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங். 2016-லிருந்து வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் உபயோகம் ஏற ஏற யூனிட் விலையும் படி ஏறுகிறது. 500-ஐத் தாண்டிவிட்டால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை கூடுகிறது. ஒருத்தி அறையில் ஏ.ஸி. ஓடி மீட்டர் 500-ஐத் தாண்டினால், வெறும் மின்விசிறியில் படுத்தவளும் கூடுதல் விலை கொடுக்கிறாள். பில்லைச் சரி மூன்றாக வகுப்பது நியாயமாகுமா? ஏ.ஸி. அறைக்குத் தனியாக ஓர் உள் மீட்டர் மாட்டிவிட்டால் தர்க்கமே இல்லை. இதை முதல் பில் வருவதற்கு முன்னால், எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே பேசி ஒரு நோட்டில் எழுதிவிட வேண்டும். அந்த நோட்டில் இன்னும் சில: காஸ் யார் முறை, பெருக்குவது யார் முறை, விருந்தாளி எத்தனை நாள் தங்கலாம், அட்வான்ஸில் யார் பங்கு எவ்வளவு. காஸைப் பற்றிச் சொன்னேனே, சென்னை விலாசத்துக்கு அத்தாட்சி இல்லாதவர்களுக்கும் ஐந்து கிலோ சிலிண்டர் கிடைக்கும். அடையாள அட்டை ஒன்று போதும். மூன்று பேருக்குத் தாராளம்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, பாதி வருஷத்தில் ஒருத்தி கிளம்பிப் போவது. 18,000 வாடகையில் மூன்று பேருக்குத் தலைக்கு 6,000. ஒருத்தி போனால் தலைக்கு 9,000! சொற்பச் சம்பளக்காரர் வீட்டில், தறி ஓட்டுகிறவர் வீட்டில், பூ மார்க்கெட்டில் கடை போட்டிருக்கிறவர் வீட்டில் மாதம் கூடுதலாக 3,000 ரூபாய்க்கு எங்கே போவது? “ஊருக்கு வந்துவிடு” என்கிற டெலிபோன் இங்கிருந்துதான் கிளம்புகிறது. ஆகவே போகிறவள் ஒரு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும், தன் இடத்துக்கு மற்றவர்களுக்குச் சம்மதமான ஒருத்தியைப் பிடித்துத் தர வேண்டும், வருகிறவளிடமிருந்தே தன் அட்வான்ஸ் பங்கை வாங்கிக்கொள்ள வேண்டும், புதியவள் பெயரை ஒப்பந்தத்தில் ஏற்ற வேண்டும் என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி, மூன்று பெண்களின் தாய்மார்களும் படித்துப் பார்க்கட்டும். முடிந்தால் அந்த மூன்று தாய்மார்களும் ஒருவர் நம்பரை ஒருவர் வைத்துக்கொண்டு, எப்போதாவது பேசிக்கொள்ளட்டும். பெண்கள் நம்மிடம் மறைக்கிற ஜுரமும் பணமுடையும் அந்த வழியாகத்தான் நமக்குத் தெரிய வரும்.

குடி போகும் அன்றைக்கு, சாமான் இறக்குவதற்கு முன்னால், காலி வீட்டை மூலைக்கு மூலை செல்போனில் படம் பிடித்துவிடச் சொல்லுங்கள். சுவரில் ஏற்கெனவே இருக்கிற விரிசல், உடைந்த தாழ்ப்பாள், மீட்டரின் ரீடிங் எல்லாம் படத்தில் வரட்டும். பூட்டை மாற்றிவிடுங்கள், பழைய சாவி யார் யார் கையில் இருக்கிறதோ! மூன்று வருஷம் கழித்துக் காலி செய்கிறபோதும் அதே மாதிரி ஒரு தரம் படம் பிடித்து, இரண்டையும் வீட்டுக்காரருக்கு அனுப்ப வேண்டும். சேதத்துக்கும் பாக்கிக்கும் கழித்துக்கொண்டு மிச்ச அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் அவர் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். “வெள்ளையடிக்க ஆயிற்று, பெயிண்டுக்கு ஆயிற்று” என்று மொத்தத்தையும் விழுங்கப் பார்த்தால் படங்கள் பேசும். அதற்கும் மசியாவிட்டால், வாடகை நீதிமன்றம் என்று இதற்காகவே ஒன்று இருக்கிறது. ஒப்பந்தத்தின் பதிவு எண்ணைக் கேட்பார்கள். ஆகையால் அதன் நகல் ஒன்று சங்கரன்கோவில் வீட்டுப் பீரோவில், உங்கள் புடைவைகளுக்கு அடியில் இருக்கட்டும்.